போஸ்டரா, வீடியோவா, பிரிண்டர் மேல் ஒரு ஸ்டிக்கரா?

பல்கலைக்கழகத்தில் டிஜிட்டல் எழுத்தறிவை வளர்க்க ஏதாவது செய்வோம் என்று கூட்டம் கூடினால், யாராவது ஒருவர் தவறாமல் சொல்வார்: "நல்லதா நாலு போஸ்டர் அடிச்சு ஒட்டிடலாம்." நானும் சொல்லியிருக்கிறேன். நான் செய்த முதல் போஸ்டர் ஏ2 அளவு. கருநீலப் பின்னணி, முகம் தெரியாமல் ஹூடி போட்ட ஓர் உருவம், பின்னால் பச்சை நிறத்தில் ஓடும் எண்கள். நூலக வாசலில் கம்பீரமாக நின்றது. பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். ஒரு மாதம் கழித்து, அதில் என்ன எழுதியிருந்தது என்று நாலைந்து பேரிடம் கேட்டுப் பார்த்தேன். "ஹேக்கர் படம் ஒண்ணு இருக்குமே, அதுவா?" என்றார்கள். அவ்வளவுதான்.

அதற்கப்புறம் யார் இந்த வேலையாக வந்தாலும் நான் இரண்டு விஷயங்கள் கேட்கிறேன். நீங்கள் தடுக்க நினைக்கும் தவறு எந்த இடத்தில் நடக்கிறது? நீங்கள் சொல்லப்போகும் செய்தி எத்தனை நாள் தாங்கும்? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால், போஸ்டரா வீடியோவா என்ற சண்டை பாதி ஓய்ந்துவிடும்.

எதைச் சொல்வது என்பதில் முதலில் ஒரு வார்த்தை. டிஜிட்டல் எழுத்தறிவு என்பது பாஸ்வேர்டு சமாச்சாரம் மட்டும் இல்லை. ஐரோப்பிய ஆணையம் 2013-இல் வெளியிட்ட டிஜ்காம்ப் சட்டகம் அதை 5 பகுதிகளாகவும் 21 திறன்களாகவும் பிரிக்கிறது: தகவலைத் தேடி எடை போடுவது, தொடர்பும் கூட்டு வேலையும், உள்ளடக்கம் உருவாக்குவது, பாதுகாப்பு, சிக்கல் தீர்ப்பது. திட்டமிடுவதற்கு அது நல்ல வரைபடம். ஆனால் அந்த ஐந்தையும் ஐந்து வண்ண வட்டங்களாக வரைந்து ஒரே தாளில் போட்டு ஒட்டுவதை நிறைய இடங்களில் பார்க்கிறேன். அது நிர்வாகம் தனக்குத்தானே காட்டிக்கொள்ளும் படம். மாணவருக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஒரு படைப்புக்கு ஒரு தவறு, அல்லது ஒரு செயல். அதற்கு மேல் வேண்டாம்.

சரி, கையில் இருக்கும் வழிகளைப் பார்ப்போம்.

போஸ்டர்

போஸ்டரைக் கடந்து நடப்பவர் அதற்குத் தருவது சில நொடிகள். அந்த நொடிகளில் ஒரு திறமையைக் கற்றுத்தர முடியாது. ஏற்கெனவே தெரிந்ததை நினைவூட்டலாம். அல்லது இப்படி ஓர் உதவி இருக்கிறது, இங்கே போங்கள் என்று கை காட்டலாம். "சந்தேகமான மெயிலா? திறக்காமல் இந்த முகவரிக்கு அனுப்புங்கள்" என்பது போஸ்டருக்கு ஏற்ற செய்தி. "போலிச் செய்தியைக் கண்டுபிடிக்க ஏழு வழிகள்" என்பது இல்லை. ஏழு வழிகளையும் நின்று படிப்பவர் யாரென்றால், பக்கத்தில் யாருக்காகவோ காத்திருப்பவர்தான்.

எழுத்தின் அளவும் நம் ஆசையை அடக்கிவிடும். விளம்பரப் பலகை செய்பவர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு: 3 மீட்டர் தூரத்திலிருந்து சிரமமில்லாமல் படிக்க எழுத்து சுமார் 25 மி.மீ. உயரம் இருக்க வேண்டும். ஏ3 தாளின் அகலம் 297 மி.மீ. அந்த அளவில் தமிழ் எழுத்தைப் போட்டால் "கடவுச்சொல்" என்ற ஒரே சொல்லில் வரி முடிந்துவிடும். தமிழ்ச் சொற்கள் நீளம், எழுத்துகளும் அகலம். ஆங்கிலத்துக்கென்று செய்த டெம்ப்ளேட்டில் தமிழை ஊற்றினால் வழியத்தான் செய்யும்.

கியூஆர் கோடு போட்டுவிட்டால் போதுமே என்பார்கள். 1994-இல் டென்சோ வேவ் நிறுவனம் கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க உருவாக்கிய குறியீடு அது. கிட்டத்தில் வைத்து வாசிப்பதற்காகப் பிறந்தது. எவ்வளவு தூரத்திலிருந்து ஸ்கேன் செய்கிறோமோ, அதில் பத்தில் ஒரு பங்கு அகலம் கோடுக்கு வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 2 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு 20 செ.மீ. கோடு. ஏ3 தாளின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு அதற்கே போய்விடும். கிட்டப் போய் நிற்க முடிந்த இடத்தில் ஒட்டினால்தான் சின்னக் கோடு பலிக்கும். இன்னொரு சங்கடமும் இருக்கிறது. தெரியாத கியூஆர் கோடை ஸ்கேன் செய்யாதீர்கள் என்று ஒரு போஸ்டர். அதன் கீழேயே மேலும் அறிய ஸ்கேன் செய்யுங்கள் என்று ஒரு கோடு. அசல் கோடின் மேல் வேறொன்றை ஒட்டி ஏமாற்றுவது உண்மையாகவே நடக்கிற மோசடி. அதனால் கோடுக்குக் கீழே முகவரியை எழுத்திலும் அச்சிடுங்கள். ஸ்கேன் செய்ததும் போனில் வரும் முகவரியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே ஒரு சிறு பாடம் ஆகிவிடும்.

வரவேற்பறைத் திரை

அதே செய்தியைச் சுவர்த் திரையில் ஓட விடுவது போஸ்டருக்குப் பதிலாகாது. தேர்வு அறிவிப்பு, விளையாட்டு விழா, அப்புறம் உங்கள் ஸ்லைடு, மறுபடி தேர்வு அறிவிப்பு என்று சுழலும். உங்களுடையது வரும் சில நொடிகளில் யார் அங்கே நிற்கிறார்கள் என்பது அதிர்ஷ்டம். அந்த ஸ்லைடில் கியூஆர் கோடு வைப்பவர்கள், பையிலிருந்து போனை எடுத்து கேமராவைத் திறக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று தாங்களே ஒருமுறை செய்து பார்க்கலாம்.

ஆனால் ஒரு வேலையில் திரையை அடிக்க ஆள் இல்லை: அவசர எச்சரிக்கை. "கட்டணம் பாக்கி என்று இன்று காலை முதல் ஒரு போலி மெயில் சுற்றுகிறது, இதுதான் அது" என்று அந்த மெயிலின் படத்தோடு அரை மணி நேரத்தில் எல்லாக் கட்டடங்களிலும் காட்டிவிடலாம். அச்சில் இது நடக்காது. திரையை இதற்கென்றே ஒதுக்கி வையுங்கள்.

கையில் கொடுக்கும் இன்ஃபோகிராபிக்

போஸ்டரும், தகவலைப் படங்களாக விளக்கும் இன்ஃபோகிராபிக்கும் வேறு வேறு. ஒன்றைச் சுருக்கினால் மற்றொன்று ஆகிவிடாது. இன்ஃபோகிராபிக் உட்கார்ந்து படிப்பதற்கானது. மேசை மேல், கையில், அல்லது போனில் பெரிதாக்கிப் பார்ப்பது. ஒரு ஒப்பீட்டையோ, ஒரு காரண-விளைவுச் சங்கிலியையோ காட்ட இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. 1920-களில் வியன்னா அருங்காட்சியகத்தில் ஓட்டோ நொய்ராத்தும் அவருடைய குழுவினரும் வளர்த்த, புள்ளிவிவரத்தைச் சின்னங்களால் காட்டும் ஐசோடைப் முறையில் ஓர் எளிய விதி உண்டு. அளவு கூடினால் சின்னத்தைப் பெரிதாக்கக் கூடாது; அதே அளவுச் சின்னத்தை எண்ணிக்கையில் கூட்ட வேண்டும். இன்றைக்கும் அது செல்லும். எல்லாக் கணக்குகளுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைப்பதன் ஆபத்தை, ஒரே அளவில் பத்துக் கதவுகள் வரைந்து, பத்துக்கும் ஒரே சாவி என்று காட்டிப் பாருங்கள். ஒரு பத்தி விளக்கம் மிச்சமாகும்.

வீடியோ

வீடியோவுக்கு இடம் எங்கே என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று. சாம் வைன்பர்க், சாரா மக்ரூ என்ற ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், இணையப் பக்கங்களின் நம்பகத்தன்மையை வரலாற்றுப் பேராசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், செய்தி சரிபார்ப்பவர்கள் ஆகிய மூன்று தரப்பும் எப்படி எடை போடுகின்றன என்று ஒப்பிட்டார்கள். பேராசிரியர்களும் மாணவர்களும் பெரும்பாலும் அதே பக்கத்திலேயே மேலும் கீழும் படித்துக்கொண்டிருந்தார்கள். நேர்த்தியான லோகோவும் பெயரும் அவர்களை ஏமாற்றின. செய்தி சரிபார்ப்பவர்கள் பக்கத்தை விட்டு உடனே வெளியேறி, புதிய டேப்கள் திறந்து, அந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். பக்கவாட்டு வாசிப்பு என்று இதைச் சொல்கிறார்கள். மைக் கால்ஃபீல்டு 2019-இல் முன்வைத்த சிஃப்ட் முறையும் இதே வழியில் போவதுதான்: நில், வெளியிட்டவர் யார் என்று பார், அதே விஷயத்தைப் பற்றி வேறு நல்ல இடத்தில் என்ன இருக்கிறது என்று தேடு, மேற்கோளையும் படத்தையும் அவற்றின் மூலம்வரை பின்தொடர்.

இது ஓர் அசைவு. ஒருவர் செய்வதைப் பார்த்துக் கற்க வேண்டியது. டேப் திறக்கிறது, தேடுகிறார், அரை நிமிடத்தில் குட்டு உடைகிறது, திரும்பி வருகிறார். இதை அசையாத படத்தில் அம்புக்குறி போட்டு விளக்கப் போனால் பேருந்து வழித்தட வரைபடம் மாதிரி ஆகிவிடும். இங்கே ஒன்றரை நிமிடத் திரைப்பதிவு பத்து போஸ்டருக்குச் சமம்.

மற்ற இடங்களில் வீடியோ வேலைக்குப் பிடித்த கேடு. எழுத, பதிவு செய்ய, வெட்ட, சப்டைட்டில் போட என்று நாள் கணக்கில் இழுக்கும். ஒரு பொத்தான் இடம் மாறினால் மறுபடி முதலிலிருந்து. அதிலும் கணினித் திரையை அப்படியே பதிவு செய்து போனுக்கான செங்குத்துச் சட்டத்தில் போட்டால் எறும்பு ஊர்வது போல எழுத்து தெரியும். சுட்டி போகும் இடத்தைப் பெரிதாக்கிக் காட்டுவது கட்டாயம். நிறையப் பேர் ஒலியை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பார்கள் என்பதால் சப்டைட்டிலும் கட்டாயம். அறிமுக இசை, சுழன்று வரும் பல்கலைக்கழக முத்திரை, வரவேற்புரை எதுவும் வேண்டாம். பல்லூடகப் பாடங்களை நெடுங்காலம் ஆராய்ந்த ரிச்சர்டு மேயர் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதைத்தான்: தேவையில்லாத அலங்காரத்தை நீக்கினால் கற்பது கூடுகிறது, நீளமானதைத் துண்டு துண்டாகக் கொடுத்தாலும் கூடுகிறது.

தவறு நடக்கும் இடத்தில் ஒரு ஸ்டிக்கர்

யாரும் கூட்டத்தில் முன்மொழியாத வழி இது. பரிசு வாங்காது, அறிக்கையில் படம் போட முடியாது. ஆனால் என் கணக்கில் முதலிடம் இதற்குத்தான்.

பொதுக் கணினியில் மெயிலைத் திறந்து தாள் அச்சிட்டு, லாக்அவுட் செய்யாமல் எழுந்து போகும் மாணவரை நினைத்துப் பாருங்கள். அவர் தவறு செய்வது பிரிண்டர் பக்கத்தில். தாளை எடுக்கக் கை நீட்டும் இடத்தில், உள்ளங்கை அளவில், "தாளை எடுத்தாச்சு. லாக்அவுட் செய்தாச்சா?" என்று இருந்தால் போதும். வாசலில் இருக்கும் ஏ2 போஸ்டர் அந்த நேரத்தில் அவருக்கு எங்கோ இருக்கிறது. நூலகத் தேடல் கணினியின் ஓரத்தில் "முதல் முடிவோடு நிற்காதீர்கள்; இன்னொரு டேப் திறங்கள்". வகுப்பறைக் கணினியில் "பென்டிரைவை எடுத்தீர்களா?". லாகின் பக்கத்திலேயே ஒரு வரி, "முகவரிப் பட்டையை ஒருமுறை பாருங்கள்". கடைசியில் சொன்னது ஸ்டிக்கர் இல்லை, ஆனால் அதன் சித்தப்பா மகன்.

குறை இல்லாமல் இல்லை. சில வாரங்களில் கண் பழகிப்போய் அது இருப்பதே தெரியாமல் போகும். இணையப் பக்கங்களில் விளம்பரப் பட்டைகளைக் கண் தானாகவே தாண்டிப் போவதற்குப் பேனர் குருட்டுத்தன்மை என்று 1998-லேயே பெயர் வைத்துவிட்டார்கள். பிரிண்டர் மேலும் அதேதான் நடக்கிறது. பருவத்துக்கு ஒருமுறை நிறமும் வாசகமும் மாற வேண்டும். பத்துச் சொல்லுக்கு மேல் போகக் கூடாது. எல்லாவற்றையும்விடக் கடினமானது, அந்தக் கருவிக்கும் அந்தப் பக்கத்துக்கும் பொறுப்பாளர் யார் என்று கண்டுபிடித்து அனுமதி வாங்குவது. வடிவமைக்க ஒரு மணி நேரம், அனுமதிக்கு மூன்று வாரம் என்பது என் அனுபவம்.

வாட்ஸ்அப் குழுக்களுக்கான படம்

பரவும் வேகம் இதற்குத்தான் அதிகம். சிக்கலும் அங்கேதான். தேதியும் மூலமும் இல்லாத ஃபார்வர்டு படங்களை நம்பாதீர்கள் என்று நாம் சொல்லித்தருகிறோம். அதைத் தேதியும் மூலமும் இல்லாத ஒரு ஃபார்வர்டு படமாக அனுப்புகிறோம். இதைக் கவனித்த மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டே விட்டார். அன்றிலிருந்து எல்லாப் படத்திலும் வெளியிட்ட மாதமும் ஆண்டும், சரிபார்க்கும் பக்கத்தின் முகவரியும் போட்டுவிடுகிறேன். படத்தில் இருக்கும் வாசகத்தைச் செய்தியாகவும் தட்டச்சு செய்து சேர்த்து அனுப்புங்கள். பார்வைக் குறைபாடு உள்ளவரின் திரைவாசிப்பான் அதைத்தான் படிக்கும். பின்னால் தேடி எடுக்கவும் உதவும்.

அச்சில் இருப்பது எவ்வளவு நாள் உண்மையாக இருக்கும்?

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பெரும்பாலானவர்கள் இதை யோசிப்பதே இல்லை. டிஜிட்டல் எழுத்தறிவுப் போஸ்டர்களில் பல ஆண்டுகளாக இருந்துவரும் நாலு அறிவுரைகளை எடுத்துக்கொள்வோம்.

"மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றுங்கள், பெரிய எழுத்து, எண், குறியீடு கலந்து வையுங்கள்." அமெரிக்கத் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2017-இல் இதைக் கைவிட்டது. காரணமில்லாமல் மாற்றச் சொன்னால் மக்கள் கடைசி எண்ணை மட்டும் மாற்றிவிட்டுப் போகிறார்கள். கசிந்தது தெரிந்தால் மாற்றினால் போதும். கலவையைவிட நீளம் முக்கியம் என்பது புதிய நிலைப்பாடு. பழைய வழிகாட்டுதலை எழுதிய பில் பர் என்பவரே அதற்காக வருத்தம் தெரிவித்தார்.

"முகவரிப் பட்டையில் பூட்டு இருந்தால் அந்தத் தளம் நம்பகமானது." பூட்டு சொல்வது இணைப்பு மறையாக்கம் செய்யப்பட்டது, அதாவது நடுவில் இருப்பவர் படிக்க முடியாது என்பதை மட்டும். மோசடித் தளங்களும் பூட்டோடுதான் வருகின்றன. குரோம் உலாவி 2023-இல் பூட்டுச் சின்னத்தையே எடுத்துவிட்டது.

"எழுத்துப்பிழை இருந்தால் போலி மெயில்." இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பிழையில்லாமல் எழுதித் தருகின்றன. பிழை இருப்பது இன்னும் சந்தேகத்துக்கு உரியதுதான். ஆனால் பிழை இல்லாததால் நம்பலாம் என்று மாணவர் எடுத்துக்கொண்டால் நம் போஸ்டரே மோசடிக்காரருக்கு உதவிய கதை.

"ஏஐ படமா என்று பார்க்க விரல்களை எண்ணுங்கள்." இது சில மாதங்கள் நன்றாக வேலை செய்தது. அப்புறம் அந்தக் கருவிகள் விரல் வரையக் கற்றுக்கொண்டன.

இந்த நாலும் அச்சாகி, லேமினேட் ஆகி, இன்னும் எங்கோ ஒரு ஆய்வக வாசலில் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு தந்திரத்தை, ஓர் அடையாளத்தை, ஒரு மென்பொருளின் பொத்தானைச் சொல்லும் செய்தி எதையும் அச்சுக்குக் கொடுக்காதீர்கள். உடனே திருத்த முடிந்த பக்கத்தில் அல்லது திரையில் வையுங்கள். பழக்கத்தைச் சொல்லும் செய்தி அச்சுக்குப் போகலாம். "அவசரப்படுத்தினால் நின்று யோசியுங்கள்", "அனுப்பியவரிடம் வேறு வழியில் கேட்டு உறுதி செய்யுங்கள்" போன்றவை எந்தக் கருவி வந்தாலும் கெடாது.

ஹூடி உருவத்தின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். உண்மையான ஃபிஷிங் மெயில், அதாவது ஏமாற்றித் தகவல் பறிக்கும் மெயில், இருட்டு அறையிலிருந்து வருவது போல வராது. துறைத்தலைவர் பெயரில், வழக்கமான லோகோவோடு, மதிய உணவு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வரும். அதனால் வரைந்த படத்தைவிட அசல் மெயிலின் ஸ்கிரீன்ஷாட், அதில் மூன்று இடங்களில் மட்டும் வட்டம், நன்றாக வேலை செய்கிறது. பெயர்களை மங்கலாக்கி மறைக்காதீர்கள். சில சமயம் அதை மீட்டெடுக்க முடியும். முழுக் கறுப்புக் கட்டம் வைத்து, படமாக மாற்றியபின் வெளியிடுங்கள்.

எதைத் தேர்ந்தாலும் தப்பாமல் செய்ய வேண்டியவை

நிறம். இணைய அணுகல்தன்மை நெறிகள் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளி மாறுபாடு கேட்கின்றன. பெரிய எழுத்துக்கு 3:1. எச்சரிக்கை என்றால் சிவப்பு என்று கை தானாகப் போகும். ஆனால் வெள்ளையில் சுத்தச் சிவப்பு எழுத்து 4:1-ஐத்தான் தொடும். கொஞ்சம் அடர்த்தியான சிவப்பை எடுங்கள். சரி-தவறு என்பதைப் பச்சை-சிவப்பை மட்டும் வைத்துக் காட்டினால் நிறக்குருடு உள்ளவருக்கு இரண்டும் ஒன்றே. டிக், பெருக்கல் குறி இரண்டையும் சேர்த்துப் போடுங்கள்.

எழுத்துரு. யூனிகோட் தவிர வேறெதிலும் தொடங்காதீர்கள். பழைய குறியீட்டு எழுத்துருவில் செய்த பிடிஎஃப்பில் தேடவும் முடியாது, திரைவாசிப்பானும் உளறும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற கட்டற்ற எழுத்துருக்கள் இருக்கின்றன. வடிவமைப்பு மென்பொருள்களில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பை இயக்காவிட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். அச்சுக்கு அனுப்புமுன் தமிழ் தெரிந்த ஒருவர் கடைசிக் கோப்பைப் படித்தே ஆக வேண்டும்; நம் திரையில் சரியாக இருந்தது அச்சகத்தின் கணினியில் சிதறியதைப் பார்த்தவன் சொல்கிறேன்.

மென்பொருள். கேன்வாவா, இங்க்ஸ்கேப்பா, பவர்பாயின்டா என்பதை விட, வடிவமைத்த மாணவர் படிப்பை முடித்துப் போனபின் யார் திருத்துவார் என்பதுதான் பெரிய கேள்வி. அழகில் ஒரு படி குறைந்தாலும், அலுவலகத்தில் யாரும் திறந்து ஒரு வரியை மாற்ற முடிந்த பவர்பாயின்ட் கோப்பு எனக்கு மேல். மூலக் கோப்பு துறையின் பொதுக் கணக்கில் இருக்கட்டும், தனிநபர் கணக்கில் வேண்டாம்.

அப்படியானால் எதைச் செய்வது?

ஒரே ஆள், மற்ற வேலைகளுக்கு நடுவே செய்கிறார் என்றால்: உதவி மேசைக்கு அதிகம் வரும் மூன்று சிக்கல்களைக் கேட்டு வாங்கி, மூன்றுக்கும் தவறு நடக்கும் இடத்தில் ஸ்டிக்கர். கூடவே, திருத்திக்கொண்டே இருக்கக்கூடிய ஒற்றைப் பக்க இன்ஃபோகிராபிக் ஒன்று. போஸ்டர், வீடியோ இரண்டையும் தயங்காமல் விடுங்கள்.

மூன்று நாலு பேர் கொண்ட குழு என்றால் இதோடு பக்கவாட்டு வாசிப்புக்கு ஒரு வீடியோ, திரைகளுக்கு ஓர் அவசர எச்சரிக்கை டெம்ப்ளேட். படமும் இரண்டு வரியும் மட்டும் மாற்றினால் வெளியிடத் தயாராக இருக்க வேண்டும். மோசடி வந்தபின் வடிவமைக்க உட்கார்ந்தால் தாமதம்.

மாணவர்களுக்குப் போஸ்டர் போட்டி வைக்கலாமே என்றும் கேட்பார்கள். வையுங்கள், நான் தடுக்க மாட்டேன். அதில் வரைபவர்தான் கற்றுக்கொள்கிறார். பார்ப்பவர் அவ்வளவாக இல்லை. எனவே அதைப் பயிற்சியாகக் கணக்கில் எழுதுங்கள், பிரசாரமாக எழுதாதீர்கள்.

பலன் தெரிய, எத்தனை பேர் விரும்பினார்கள் என்று எண்ண வேண்டாம். லாக்அவுட் செய்யாமல் விட்ட கணினிகள் எத்தனை, உதவி மேசைக்கு அனுப்பி வைத்த சந்தேக மெயில்கள் எத்தனை என்று ஒட்டுவதற்கு முன் இரண்டு வாரமும் பின் இரண்டு வாரமும் குறித்து வையுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் தனிக் கியூஆர் முகவரி கொடுத்தால் எந்தச் சுவர் வேலை செய்கிறது என்றும் தெரிந்துவிடும். அச்சாகும் எல்லாவற்றின் கீழ் மூலையிலும் சின்ன எழுத்தில் "இந்தத் தேதிக்குப்பின் கழற்றவும்" என்று ஒரு வரி இருக்கட்டும். அதைப் பார்த்துக் கழற்றப்போவது பெரும்பாலும் துப்புரவுப் பணியாளர்தான் என்பதால், அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.